"குள்ள ரகம்" என்று விற்கப்படும் பால் பைத்தான் குட்டிகள்: இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் வாங்குவோர் கவனத்திற்கு

இராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், இராமேசுவரம் வட்டாரத்தில் செல்லப்பிராணி விற்கும் ஒருவர், "ஒன்றரை அடிக்கு மேல் வளராத குள்ள ரகம்" என்று சொல்லி பால் பைத்தான் (ball python என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை) குட்டிகளை விற்று வருகிறார். ஒன்றரை அடியில் நின்றுவிடும் பால் பைத்தான் ரகம் எதுவும் கிடையாது. அவர் கொடுப்பது, மாதக்கணக்கில் அரைப்பட்டினி போடப்பட்டு வளர்ச்சி முடங்கிப்போன பாம்பு. அப்படி ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. அந்த வாயில்லா ஜீவன் பட்ட பாடும் அதைப் பிழைக்க வைக்க நாங்கள் பட்ட பாடும் இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

கல்லூரியில் விலங்கியல் படிக்கும் என் மகளுக்குச் சிறு வயதிலிருந்தே ஊர்வன மீது ஈடுபாடு அதிகம். அவள் விசாரித்ததை அறிந்த அந்த விற்பனையாளர், உச்சிப்புளியில் உள்ள எங்கள் வீட்டுக்கே பாம்பை எடுத்துக்கொண்டு வந்தார். "சார், இது மூணு மாசக் குட்டி. காட்டு மலைப்பாம்பு மாதிரி எல்லாம் வளராது. கடைசி வரைக்கும் ஒரு சின்னத் தொட்டி போதும். பதினஞ்சு நாளைக்கு ஒரு பிங்கி போட்டா போதும், செலவே கிடையாது" என்றார். விலை 18,000 ரூபாய். கூடவே உறைய வைத்த பிங்கி (சுண்டெலிக் குஞ்சு) பொட்டலம் ஒன்றும், வட்ட முத்திரை குத்தி "பதிவு பெற்றது" என்று அச்சடித்த ஒரு ரசீதும் கொடுத்தார். கடைசியாக எப்போது, எவ்வளவு எடையுள்ள இரையைத் தின்றது என்று மகள் திரும்பத் திரும்பக் கேட்டும், "நல்லாச் சாப்பிடும்மா" என்பதற்கு மேல் அவரிடமிருந்து எதுவும் வரவில்லை.

அன்று மாலையே சமையலறையில் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசில் ஓர் எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து, அதன் எடையைக் கழித்துவிட்டு, பாம்பை உள்ளே விட்டாள். கிண்ணத்தின் அடியில் சுருண்டு, தலையை உடம்புக்குள் புதைத்துக்கொண்டது. 97 கிராம். பால் பைத்தான் முட்டையிலிருந்து வெளிவரும்போதே பெரும்பாலும் 50 முதல் 80 கிராம் வரை இருக்கும். ஆகவே மூன்று மாதக் குட்டிக்கு 97 கிராம் என்பது குறைவுதான் என்றாலும், பார்த்த மாத்திரத்தில் சந்தேகம் கொள்ளத்தக்க எடை அல்ல. அந்த மனிதரின் வியாபாரமே இந்த இடுக்கில்தான் நடக்கிறது.

அதன் பிறகு வாரந்தோறும் நிறுத்ததில் எடை 96, 98, 97 என்று ஒரே இடத்தில் நின்றது. பிங்கியைப் பாம்பு மறுக்கவில்லை. இடுக்கியின் நுனியில் காட்டியவுடன் பாய்ந்து பிடித்து விழுங்கியது. ஆனால் விழுங்கிய பிறகும் நாக்கை நீட்டி நீட்டித் தொட்டியின் நான்கு மூலைகளையும் துழாவிக்கொண்டே இருந்தது. வளரும் குட்டி ஒன்றரை மாதத்துக்குள் ஒரு தடவையாவது சட்டை உரிப்பது வழக்கம். எங்கள் பாம்பு உரிக்கவே இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் வெட்டவெளிச்சமாகிவிடும். பிறந்து ஓரிரு நாளே ஆன, மயிர் முளைக்காத சுண்டெலிக் குஞ்சுதான் பிங்கி. ஒன்று சுமார் 2 கிராம் இருக்கும். இளம் பால் பைத்தானுக்கு அதன் சொந்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு எடையுள்ள இரையை வாரம் ஒரு முறை கொடுப்பதுதான் அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் பின்பற்றும் முறை. இரையின் பருமன், பாம்பின் உடலில் மிகவும் பருத்த பகுதியின் அளவுக்கு இருக்க வேண்டும். இதன்படி 97 கிராம் பாம்புக்குப் பதினைந்து நாளில் குறைந்தது 20 கிராம் இரை போக வேண்டும். எங்களுக்குச் சொல்லப்பட்டதோ 2 கிராம், அதாவது பத்தில் ஒரு பங்கு. முட்டையிலிருந்து வந்த குட்டிக்கே, முதல் சட்டையை உரித்த பிறகு, மயிர் முளைத்துத் தாவத் தொடங்கிய சுண்டெலியையோ வெள்ளெலிக் குஞ்சையோதான் கொடுப்பார்கள். பிங்கிக்கு எலும்பு சரியாக உருவாகியிருக்காது என்பதால் அதில் சுண்ணாம்புச் சத்தும் குறைவு. சாகாமலும் வளராமலும் ஒரு பாம்பை வைத்திருப்பதற்கு இதைவிட மலிவான வழி இருக்க முடியாது.

ஒழுங்காக உண்ணும் குட்டி ஓராண்டில் 300 முதல் 500 கிராம் வரை எட்டும். முழு வளர்ச்சியில் ஆண் மூன்று, மூன்றரை அடியும், பெண் நான்கு முதல் ஐந்து அடியும் இருக்கும். நல்ல பராமரிப்பில் இருபது, முப்பது ஆண்டு வாழக்கூடிய உயிர் இது. "கடைசி வரைக்கும் சின்னத் தொட்டி" என்ற பேச்சு எவ்வளவு பெரிய பொய் என்பதை இதிலிருந்தே உணரலாம்.

பிங்கிப் பொட்டலம் தீரும் தறுவாயில் அவரை அழைத்தபோது அவர் சொன்ன பதில்தான் எங்களை உண்மையில் கலங்க வைத்தது. "கடற்கரையிலதானே இருக்கீங்க, நெத்திலியைப் பிங்கியில தேய்ச்சுக் காட்டுங்க, பிறகு நெத்திலியையே தின்னப் பழகிடும்" என்றார். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிகளைச் சேர்ந்த இந்தப் பாம்பு காட்டில் உண்பது எலி இனங்களையும் சிறு பறவைகளையும்தான். மீன் அதன் உணவே அல்ல. போதாததற்கு, நெத்திலி உள்ளிட்ட சில மீன்களில் பச்சையாக இருக்கும்போது வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் நொதி உண்டு. மண்டபம் பக்கம் இன்னொரு குடும்பத்துக்கும் இதே யோசனையைச் சொல்லி, அவர்கள் அதன்படி செய்தும் வந்திருக்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்தது.

மதுரையில் ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். அவர் பாம்பைக் கையில் ஏந்தி, முதுகின் மேல் விரலை ஓட்டி, என் மகளையும் அவ்வாறே தடவிப் பார்க்கச் சொன்னார். முதுகெலும்பு கூரை முகடு போல் எழும்பி நிற்க, இரு பக்கமும் சதை சரிந்திருந்தது. கழுத்துக்கும் உடலுக்கும் பொருந்தாத அளவில் தலை பெரிதாக இருந்தது. உடல் வளராமல் வயது மட்டும் ஏறிய பாம்பின் தோற்றம் இதுதான் என்றும், இது மூன்று மாதக் குட்டியாக இருக்க வாய்ப்பே இல்லை என்றும் அவர் சொன்னார்.

அதற்கு ஆதாரமும் கிடைத்தது. பால் பைத்தானின் உடலில் உள்ள திட்டுகள் ஒவ்வொரு பாம்புக்கும் தனித்தனி. வயதாக ஆக நிறம் மங்கலாம், ஆனால் வடிவம் மாறாது. எங்கள் பாம்பின் இடப்பக்கத்தில், கழுத்திலிருந்து மூன்றாவது திட்டுக்குள் இரண்டு கரும்புள்ளிகள் ஒட்டியபடி இருக்கும். அதற்கு அடுத்த திட்டு பாதியில் அறுந்து நிற்கும். தொண்டியில் ஒருவருக்கு இதே விற்பனையாளர் முன்பு அனுப்பிய படத்தில் அந்த இரட்டைப் புள்ளியும் அறுந்த திட்டும் அப்படியே இருந்தன. படம் வந்த தேதி, எங்களுக்கு விற்றதற்கு ஓராண்டுக்கும் மேல் முந்தையது. அதன் கீழேயும் "மூணு மாசக் குட்டி" என்றே எழுதியிருந்தார்.

இதையெல்லாம் எடுத்துச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "மூணு பெரிய எலியா ஒரே நேரத்துல கொடுங்க, பத்து நாள்ல தேறிடும்" என்று சொல்லிவிட்டு எங்கள் எண்ணைத் தடை செய்துவிட்டார். தயவு செய்து யாரும் அப்படிச் செய்துவிடாதீர்கள். நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குள் திடீரென்று பெரும் உணவு போனால், இரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம் அளவுகள் சரிந்து பாம்பு இறக்கவும் கூடும். அதற்குத் தப்பினாலும் இரையைக் கக்கிவிடும். கக்கினால் வயிறு பழைய நிலைக்கு வரக் குறைந்தது பத்துப் பதினான்கு நாள் எதுவும் கொடுக்காமல் காத்திருக்க வேண்டும். மருத்துவர் முதலில் நீர்ச்சத்தைச் சரி செய்தார். பிறகு உடல் எடையில் 5 விழுக்காடு அளவுக்கு மட்டும் இரை கொடுத்து, ஒரு வாரத்துக்கு மேல் இடைவெளி விட்டு, கக்காமல் செரிக்கிறது என்று உறுதியான பிறகே மெல்ல மெல்ல அளவைக் கூட்டச் சொன்னார். இரை தின்ற பின் இரண்டு நாள் பாம்பைக் கையில் எடுக்கக் கூடாது. வீட்டு எலியைப் பிடித்துப் போடுவதும் ஆபத்து. அது விஷம் தின்ற எலியாக இருக்கலாம், உயிருள்ள எலி பாம்பைக் கடித்துக் குதறவும் செய்யும்.

தொட்டியின் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியசும், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 டிகிரியும் இருந்தால்தான் செரிமானம் நடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை இரவுகளில் மின்சாரம் போய்த் தொட்டி குளிர்ந்துவிடும் நாட்களில் இரை கொடுப்பதைத் தள்ளிப்போடுவதே நல்லது.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கான 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படியும் 2024-இல் வந்த விதிகளின்படியும், பால் பைத்தான் போன்ற அயல்நாட்டு உயிரினத்தை வைத்திருப்பதும், கைமாற்றுவதும், அதன் பிறப்பு இறப்பும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாகப் பதிவாக வேண்டும். எங்களுக்குக் கொடுத்த முத்திரை ரசீதுக்கு இதில் எந்த மதிப்பும் இல்லை. தாய்லாந்திலிருந்து பெட்டிகளில் கடத்தி வரப்பட்ட பால் பைத்தான்கள் சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன என்பதை நினைத்துப் பார்த்தால், பதிவு இல்லாத பாம்பு எங்கிருந்து வந்திருக்கும் என்பது புரியும். நம் ஊர் மலைப்பாம்பின் குட்டியையே யாராவது காட்டினால் அருகிலேயே போக வேண்டாம். அது அதே சட்டத்தின் பட்டியல் 1-இல் உள்ளது, வைத்திருப்பதே சிறைத்தண்டனைக்குரிய குற்றம். நடந்தது முழுவதையும் ரசீதோடு சேர்த்து எழுத்து மூலம் வனத்துறையிடம் கொடுத்துவிட்டோம்.

எங்கள் பாம்பு இப்போது 240 கிராம். வாரம் ஒரு வெள்ளெலிக் குஞ்சைத் தின்று, ஒரே உறையாகச் சட்டையும் உரித்துவிட்டது. இழந்த வளர்ச்சி முழுவதும் திரும்பி வருமா என்பதை மருத்துவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அந்த மனிதரின் விளம்பரம் வேறு படங்களோடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எந்த விற்பனையாளராக இருந்தாலும், உங்கள் கண் முன்னால் பாம்பை நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள். தேதி, இரையின் எடை, பாம்பின் எடை மூன்றும் எழுதிய குறிப்பேட்டைக் கேளுங்கள். ஒரு வேளை இரை எடுப்பதை நேரில் பாருங்கள். பதிவுச் சான்றில்லாமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே "குள்ள ரகம்" வாங்கிவிட்டவர்கள் இன்றே எடை பார்த்து, முதுகைத் தடவிப் பார்த்து, இரையைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள். ரசீது, விளம்பரப் படம், குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். புகார் கொடுக்கும்போது அவை தேவைப்படும்.