ஃபேஸ்லிஃப்ட் வந்தப்போ திட்டினேன், இப்போ 52,000 கி.மீ. ஓட்டியாச்சு

எந்த வண்டின்னு முதல்லயே கேப்பீங்க, சொல்லமாட்டேன். சொன்னா எழுதினதை விட்டுட்டு பேட்ஜைப் பிடிச்சுக்கிட்டு சண்டை போடுவீங்க, எனக்கே தெரியும், நானும் அந்தக் கூட்டத்துல இருந்தவன்தான். பின்சக்கர டிரைவ், ஆறு சிலிண்டர் டர்போ பெட்ரோல், 8 ஸ்பீடு ஆட்டோமேட்டிக், லக்சுரி ஸ்போர்ட்ஸ் செடான், இவ்ளோ போதும். இதே மாடலோட முதல் வெர்ஷனை நாலு வருஷம் ஓட்டிட்டு, ஃபேஸ்லிஃப்ட் (அதே மாடலை நடுவுல கொஞ்சம் மாத்தி விடறது) வந்ததும் பழசை தம்பிகிட்ட தள்ளிவிட்டுட்டு புதுசு எடுத்தேன். அதனால எது மாறிச்சு எது மாறலன்னு பாக்க ஞாபகத்தை நம்ப வேண்டியதில்ல, ஒருநாள் சாவியை மாத்திக்கிட்டா போதும்.

ஃபேஸ்லிஃப்ட் வண்டியோட போட்டோ வெளியான அன்னிக்கு கார் பைத்தியங்க நாங்க என்ன பேசினோம்னு நினைச்சா இப்போ சிரிப்பு வருது. ஹெட்லைட்டை ஒல்லியாக்கிட்டான், கிரில் இப்படி வாயைப் பொளந்துட்டு நிக்குது, பின் பம்பர்ல டம்மி வென்ட் (காத்தே போகாத போலி ஓட்டை) எதுக்குன்னு ராத்திரி பூரா சண்டை. நான்தான் அதுல முன்னாடி நின்னு திட்டினவன், "முதல் வெர்ஷன்தான் டிசைனர் வரைஞ்சது, இது மார்க்கெட்டிங் ஆளு வரைஞ்சது"ன்னு பெரிய டயலாக் எல்லாம் விட்டேன். எடுத்து ஒரு மாசத்துல அந்த கிரில் என் கண்ணுக்குத் தெரியறதே நின்னுபோச்சு, ஏன்னா நான் உக்காந்திருக்கிறது உள்ள.

இவங்க ஏன் பம்பரையும் லைட்டையும் மட்டும் மாத்துறாங்கன்னா, ஒரு மாடல் சுமார் ஏழு வருஷம் ஓடும், நடுவுல மூணு நாலு வருஷத்துல ஒரு ஃபேஸ்லிஃப்ட், அப்போ கதவு, கூரை மாதிரி இரும்புத் தகடு பாகங்களைத் தொட்டா பிரெஸ்ஸிங் டை (தகடை அழுத்தி வடிவம் கொடுக்கற அச்சு) எல்லாம் புதுசா செய்யணும், அது பயங்கர செலவு. பம்பர் பிளாஸ்டிக், அதை மாத்துறது சுலபம். அதனால வெளிய தெரியுற மாற்றம் எப்பவும் முன்னாடியும் பின்னாடியும்தான் இருக்கும், நாமளும் அதையே பாத்து மொத்தத்துக்கும் தீர்ப்பு சொல்லிடுவோம்.

2015ல பிஎம்டபிள்யூ மூணு சீரீஸ் எஃப்30 (அந்தத் தலைமுறையோட கோடு பேரு) ஃபேஸ்லிஃப்ட் வந்தப்போ பாத்தவங்க "லைட்டு மட்டும்தானே மாறியிருக்கு"ன்னாங்க, ஆனா உள்ள என்55 எஞ்சின் போய் பி58 வந்திருந்துச்சு, 335ஐ பேரே 340ஐ ஆயிடுச்சு, அந்த பி58-ஐ இன்னிக்கும் எல்லாரும் தலைல தூக்கி வச்சு ஆடுறோம். 2018ல மெர்சிடிஸ் சி கிளாஸ் டபிள்யூ205க்கு சுமார் 6,500 பாகம் மாத்தினோம்னு கம்பெனியே சொன்னாங்க, ரோட்டுல பாத்தா பழசு எது புதுசு எதுன்னு சட்டுனு சொல்லமுடியாது. ஆல்ஃபா ரோமியோ ஜூலியா 2020 அப்டேட்ல வெளித்தோற்றத்தைத் தொடவே இல்ல, டச் ஸ்கிரீன், டிரைவர் அசிஸ்ட்னு எல்லாமே உள்ளதான். அப்போவே இதெல்லாம் தெரிஞ்சிருந்தும் நான் கிரில்லுக்காக சண்டை போட்டேன் பாருங்க.

என் வண்டில நிஜமா மாறினது சஸ்பென்ஷன். பிரோஷர்ல ஒரே ஒரு வரி, டேம்பர் (அதாவது ஷாக் அப்சார்பர்) ட்யூனிங் திருத்தப்பட்டதுன்னு, படிச்சுட்டு தாண்டிப் போயிட்டேன். பழைய வண்டில நெடுஞ்சாலை வேகத்துல ரோடு அலை அலையா ஏறி இறங்குற இடம் வந்தா பின்பக்கம் ஒரு தடவை எழும்பும், இறங்கும், திரும்ப அரை தடவை எழும்பி அப்புறம்தான் அடங்கும், வளைவுல அது வந்தா கை தானா ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்கும். புதுசுல ஒரே அசைவு, முடிஞ்சுது. ஸ்ப்ரிங் எழும்பி வர்றதை டேம்பர் எவ்ளோ சீக்கிரம் பிடிச்சு நிறுத்துதுங்கறதுதான் விஷயமே, அந்த ரீபவுண்ட் பக்கத்தை சரி பண்ணியிருக்காங்கன்னு நினைக்கிறேன். அதுக்கு விலையும் இருக்கு, மெதுவா போறப்போ சின்னச் சின்ன வெட்டு எல்லாம் பழசை விட கொஞ்சம் கூர்மையா உள்ள வருது, பின்சீட்ல உக்கார்றவங்க கண்டுபிடிச்சுடுறாங்க. கம்ஃபர்ட் மோடுல போட்டா பரவால்ல. ஸ்போர்ட் மோடு மூணு வருஷத்துல மொத்தமா பத்து தடவை போட்டிருப்பேன், அதுல அஞ்சு தடவை யாருக்காவது காட்டுறதுக்கு.

அடுத்தது ஸ்கிரீன். இங்கதான் எனக்கு இன்னும் ஆறல. பழசுல ஏசிக்கு ரெண்டு திருகு (கையால திருப்புற நாப்), நாலு பட்டன், கண்ணை ரோட்டுல இருந்து எடுக்காமலே விரல் போய் சேந்துடும். புதுசுல அதெல்லாம் காலி, எல்லாம் பெரிய ஸ்கிரீனுக்குள்ள. இது என் வண்டில மட்டும் நடந்த கூத்து இல்ல, 2019ல ஆடி ஏ4 ஃபேஸ்லிஃப்ட் 10.1 இன்ச் டச் ஸ்கிரீனோட வந்தப்போ நடுவுல இருந்த அந்த அழகான சுழல் திருகு போயிடுச்சு, 2022ல மூணு சீரீஸ் ஜி20க்கு 12.3 இன்ச்சும் 14.9 இன்ச்சும் சேந்த வளைஞ்ச டிஸ்ப்ளே வந்துச்சு, கியர் லீவர் இருந்த இடத்துல சின்ன சுவிட்சு. மொத்த இண்டஸ்ட்ரியும் ஒரே பக்கம் சாஞ்சிடுச்சு. முதல் வாரம் தம்பி புதுசை எடுத்துட்டுப் போயிட்டு பாதி வழில போன் பண்றான், "அண்ணா, ஃபேனை எங்க ஒளிச்சு வச்சிருக்காங்க?"ன்னு. எனக்கே அப்போ தெரியல. ஆறு மாசத்துல விரல் பழகிடுச்சு, அது உண்மைதான், ஆனா பழகறதும் நல்லா இருக்கறதும் வேற வேற, கண்ணாடி மேல விரலை வச்சா எங்க இருக்கோம்னு பாத்தாதானே தெரியும், குலுங்குற ரோட்டுல ஒன்னை அழுத்தப் போய் பக்கத்துல இருக்கறதை அழுத்திட்டு திரும்ப முதல்ல இருந்து வரணும். இப்போ டெம்பரேச்சரை ஆட்டோல 23ல வச்சுட்டு கையே வைக்கிறதில்ல.

ஒருநாள் அந்த ஸ்கிரீன் ஓடிட்டு இருக்கும்போதே இருட்டாயிடுச்சு, ரிவர்ஸ் கேமரா, ஏசி எதுவும் இல்ல. நிறுத்தி, பூட்டி, பத்து நிமிஷம் கழிச்சு திறந்தா ஒன்னும் நடக்காத மாதிரி திரும்ப வந்துச்சு. சர்வீஸ்ல சாஃப்ட்வேர் அப்டேட் போட்டாங்க, அதுக்கப்புறம் வரல. பழசுல எது கெட்டாலும் ஏசி பட்டன் கெட்டதில்ல, அதை மட்டும் சொல்லிக்கிறேன்.

48 வோல்ட் மைல்டு ஹைப்ரிட், அதாவது எஞ்சினுக்குத் துணையா ஒரு சின்ன மோட்டாரும் பேட்டரியும், புதுசா சேத்தாங்க. மைலேஜ் பெருசா ஏறும்னு நினைச்சுறாதீங்க, என் கணக்குல வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுற அளவுக்கு இல்ல. ஆனா சிக்னல்ல எஞ்சின் நின்னு திரும்ப ஸ்டார்ட் ஆகறது இருக்கே, பழசுல வண்டியே ஒரு உதறு உதறும், தம்பி ஏறின உடனே அந்த ஆஃப் பட்டனைத்தான் தேடுவான், புதுசுல ஸ்டார்ட் ஆனதே தெரியாது. ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா மட்டும் பின்னாடி இருந்து யாரோ சட்டையை லேசா பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்கும், பேட்டரி சார்ஜ் ஆகறது அது, முதல் மாசம் எரிச்சல், இப்போ பழசை ஓட்டினா அந்த இழுப்பு இல்லாம வண்டி ஓடிட்டே இருக்கற மாதிரி தோணுது.

சத்தம் குறைஞ்சிருக்கு. பெட்ரோல் வண்டிக்கும் எக்ஸாஸ்ட்ல துகள் வடிகட்டி வந்ததுல இருந்து எல்லா கம்பெனிக்கும் இதே கதி, அதை ஸ்பீக்கர் வழியா ஈடுகட்டப் பாக்குறாங்க, மெனுவுக்குள்ள போய் அதை ஆஃப் பண்ணிட்டேன். ஹெட்லைட் பத்தி நான் பேசின பேச்சுக்கெல்லாம் மன்னிப்பு, எதிர்ல வர்றவன் மேல மட்டும் வெளிச்சத்தை மறைச்சுட்டு மத்த இடத்துல ஹை பீம் அடிக்குது, ராத்திரி ஓட்டறவங்க இதுக்காகவே எடுக்கலாம். உள்ள இருக்கற பியானோ பிளாக் (பளபளன்னு கறுப்பு) பேனல்ல கீறல் விழும், துணியால துடைச்சாலே விழும், அதைப் பத்தி பேசவே வேண்டாம்.

டயர் முன்னாடி 225, பின்னாடி 255, அகலம் வேற வேறங்கறதால முன்ன பின்ன மாத்திப் போடமுடியாது, பின்டயர் 28,000 கி.மீ.லயே தேஞ்சுபோச்சு, இப்போ ரெண்டாவது செட்டும் முடியற நிலைமை. கியர்பாக்ஸ் ஆயில் ஆயுசுக்கும் மாத்த வேணாம்னு சர்வீஸ்ல சொல்றாங்க, நம்பாதீங்க, இந்த 8 ஸ்பீடைச் செய்யுற இசட்எஃப் கம்பெனியே 80,000ல இருந்து 1,20,000 கி.மீ.க்குள்ள மாத்தச் சொல்லுது. தம்பி வண்டிக்கு 90,000ல மாத்தினோம், குளிர்ந்த எஞ்சின்ல ரெண்டாவது கியர்ல வந்துட்டு இருந்த இடி போயிடுச்சு.

பழசு கைல நல்லா ஓடிட்டு இருந்தா இதுக்காக மாத்தாதீங்க. ரெண்டுல ஒன்னு செகண்ட் ஹேண்ட்ல தேடறவங்களா இருந்தா ராத்திரில ஒரு தடவை, மோசமான ரோட்டுல ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க, போட்டோ பாத்து பண்ணாதீங்க. போன மாசம் தூரப் பயணம் போகணும்னு தம்பி புதுசை வாங்கிட்டுப் போனான், சஸ்பென்ஷன் சூப்பர் அண்ணான்னு ரெண்டு நாள் மெசேஜ் அனுப்பிட்டே இருந்தான். நான் அந்த ரெண்டு நாளும் அவன் வண்டில ஏசி திருகை சும்மா சும்மா திருகிட்டு இருந்தேன்.