ஃபாரோவா, பழுப்பு அரிசியா, சம்பா கோதுமையா?

தட்டில் கால் பங்கு முழுத்தானியமாக இருக்கட்டும் என்று சிங்கப்பூரின் சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. எங்கள் வீட்டில் அந்தக் கால் பங்குக்கு மூன்று தானியங்கள் போட்டியிட்டன: பழுப்பு அரிசி, தேக்கா பக்கம் வாங்கும் சம்பா கோதுமை, இத்தாலியிலிருந்து வரும் ஃபாரோ என்ற கோதுமை. இப்போதைக்கு நான் ஃபாரோ கட்சி. அதற்காகச் சத்துக் கணக்கைக் கையில் எடுக்கப் போவதில்லை. மூன்றுமே வெள்ளை அரிசிக்கு மேல். கோதுமை இரண்டிலும் புரதம் அரிசியைவிடக் கூடுதல், குளூட்டனும் உண்டு. குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ள வீட்டில் பழுப்பு அரிசியோடு பேச்சு முடிந்தது. விலையில் ஃபாரோ மற்ற இரண்டையும் எங்கோ தாண்டி நிற்கிறது.

அந்த விலைதான் முதலில் உறுத்தும். ஏனென்றால் ஃபாரோ என்று பெரும்பாலும் விற்கப்படுவது எம்மர் கோதுமை. மேற்காசியாவில் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பே பயிரானது. இத்தாலியில் டஸ்கனி மாநிலத்தின் கார்ஃபன்யானா பகுதி ஃபாரோவுக்கு 1996-இல் ஐரோப்பியப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு கிடைத்தது. சம்பா கோதுமையையும் வேளாண்மைத் துறையினர் எம்மர் இனத்தில்தான் சேர்க்கிறார்கள். கடையில் அந்தப் பெயரில் விற்பதெல்லாம் அசல் சம்பாதானா என்பது வேறு கதை. ஆக, பங்காளிக்குப் பங்காளி. ஒருவருக்கு மட்டும் ஏன் இத்தனை விலை?

வித்தியாசம் உமி நீக்கிய பிறகு தொடங்குகிறது. முழுச் சம்பா கோதுமை தவிட்டோடு வருகிறது. இரவே ஊறவைத்து, குக்கரில் ஐந்தாறு விசில் விட்டால்தான் பல்லுக்கு வசப்படும். ஃபாரோ பொட்டலத்தில் மூன்று வகை உண்டு. ‘பெர்லாட்டோ’ என்றால் தவிடு தீட்டியது. இருபது நிமிடத்தில் வெந்துவிடும், ஆனால் அதை முழுத்தானியம் என்று சொல்ல முடியாது. ‘இன்டெக்ராலே’ தவிடு முழுதாக இருப்பது. ஊறவைத்தாலும் ஒரு மணி நேரம் அடுப்பைக் காக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ‘செமிபெர்லாட்டோ’, அரைகுறையாகத் தீட்டியது; அரை மணி நேரம் போதும். நான் வாங்குவது இதைத்தான். கறாராகப் பார்த்தால் இதுவும் முழுத்தானியம் ஆகாது. தவிட்டில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நேரத்தை வாங்கிக்கொள்கிறேன். பொட்டலத்தின் முன்பக்கத்தில் பச்சை இலைப் படத்தைப் பார்த்து மயங்காமல் இந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது குளிர்பதனப் பெட்டி. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் ஞாயிறு மாலை சமைத்ததுதான் செவ்வாய் மதியம் அலுவலக டப்பாவில் இருக்கிறது. பழுப்பு அரிசி அன்றைக்கு அருமை. குளிரில் இரண்டு இரவு கிடந்தால் மாவுச்சத்து இறுகி, கரண்டியால் குத்தினால் கட்டியாகப் பெயர்கிறது. தண்ணீர் தெளித்துச் சூடாக்கினால் மேலே குழைவு, நடுவே விறைப்பு. சம்பா கோதுமையைக் குக்கரில் நன்றாக வேகவிட்டால் மணி வெடித்துக் கஞ்சி கசிகிறது. மறுநாள் அந்தக் கஞ்சியே பசையாகி எல்லாவற்றையும் ஒட்டவைக்கிறது.

ஃபாரோவிலும் மாவுச்சத்து இறுகத்தான் செய்யும். ஆனால் சூடாக இருக்கும்போதே மென்று தின்ன வேண்டிய தானியம் அது. ஆறியபின் இன்னும் கொஞ்சம் மெல்ல வேண்டியிருந்தால் யாருக்கும் தெரிவதில்லை. அதை வேகவைக்கும் முறையும் உதவுகிறது. அளந்து தண்ணீர் வைக்காமல், பெரிய பாத்திரத்தில் நிறையக் கொதிநீரில் உப்புப் போட்டு வேகவிட்டு வடித்துவிடலாம். கஞ்சி வடிநீரோடு போய்விடும். அகலத் தட்டில் பரப்பி ஆவி அடங்கவிட்டு, அரைக் கரண்டி நல்லெண்ணெய் பிசிறி உடனே பெட்டிக்குள் வைத்தால், எடுக்கும்போது மணி மணியாக உதிர்கிறது. அதில் புளிக்காய்ச்சலைப் பிசைந்து, வறுத்த வேர்க்கடலையைத் தூவினால் சூடாக்கக்கூட வேண்டாம். புளி ஊற ஊற ருசி ஏறுகிறது. எலுமிச்சை, தேங்காய்த் துருவல், மாங்காய் எல்லாமே இதற்கு ஒத்துப்போகின்றன.

சாம்பாருக்கு மட்டும் இதை அழைக்காதீர்கள். குழம்பு ஒரு பக்கம் ஓடும், மணி ஒரு பக்கம் நிற்கும், பிசைய வராது. ரசத்துக்கும் தயிருக்கும் அதே கதிதான். சாம்பார் வைக்கும் நாளில் எங்கள் வீட்டில் இன்னும் பழுப்பு அரிசிதான், அதுவும் வெள்ளை அரிசியோடு பாதிக்குப் பாதி. பல்செட் போட்ட பெரியவர்கள் ஃபாரோவைக் கண்டாலே முகம் சுளிக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பா ரவையில் உப்புமாவோ கஞ்சியோ செய்து கொடுப்பதே மரியாதை. ரவை விஷயத்தில் சம்பாவை அசைக்க ஆளில்லை.

சர்க்கரை அளவு குறித்து நான் வாய் திறப்பதற்கில்லை, எங்கள் வீட்டில் யாருக்கும் நீரிழிவு இல்லை. இன்டெக்ராலே வகையையும் அதிகம் சமைத்ததில்லை. பிரஷர் குக்கர் இருப்பவர்களுக்கு அது எளிதாகவே இருக்கலாம். ஒருமுறை சமைத்துப் பார்க்க நினைப்பவர்கள் சிறிய பொட்டலமாக வாங்கி, பிரித்ததும் மீதியை உறைபெட்டியில் போட்டுவிடுங்கள். இந்த ஊர் ஈரத்தில் வண்டு விலை பார்த்து வருவதில்லை.