எந்த வடிமடையை அடைப்பது? மூளைக்குள் ஃபாவும் மேகலும்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் சம்பா நடவு முடிந்தால், மாமா விடியலில் முதலில் போய் நிற்பது வடிமடையில்தான். காலால் சேற்றை மிதித்து, ஒரு பிடி எடுத்து, ஒரு பிடி வைத்து, வயலில் விரற்கடைத் தண்ணீர் நிறுத்துவார். மூளையில் இந்த வேலை ஃபா (FAAH), மேகல் (MAGL) என்ற இரண்டு நொதிகளுக்கு.

மூளை தானே உண்டாக்கும் கஞ்சா வகைப் பொருட்களில் முக்கியமானவை ஆனந்தமைடு (1992-ல் கண்டது, 'ஆனந்தம்' என்ற சொல்லில் பிறந்த பெயர்), 2-ஏஜி (1995). தேவைப்படும்போதுதான் இவை தயாராகும். சேதி வாங்கும் நரம்பணு 2-ஏஜியை உண்டாக்கிப் பின்னோக்கி அனுப்ப, அது சேதி அனுப்பும் நரம்பணுவின் முனையிலுள்ள சிபி1 (CB1) ஏற்பியில், அதாவது சேதியைப் பிடிக்கும் புரதத்தில், உட்கார்ந்து 'போதும், குறை' என்கிறது. கடைமடைக்காரன் சொல்லித் தலைமடைக்காரன் கேட்பது மூளையில்தான் நடக்கும் போல!

ஆனந்தமைடை உடைப்பது ஃபா. அது வாங்கும் அணுவின் உள்ளே இருக்கிறது. 2-ஏஜியை உடைப்பது மேகல். அது அனுப்பும் முனையிலேயே, சிபி1-க்குப் பக்கத்தில். எலி மூளையில் 2-ஏஜி சிதைவில் சுமார் 85 சதவீதம் மேகல் கணக்கு.

இந்தப் பொருட்கள் தேங்கினால் வலி தணியும். அப்படியானால் வலியைக் குறைக்க எந்த நொதியை அடைக்கலாம்?

ஃபாவை அடைத்தால் ஆனந்தமைடு ஏறும். எலிகளில் நாள்பட அடைத்தும் சிபி1 பெரிதாகச் சோர்வதில்லை. காகிதத்தில் இதுதான் நல்ல பிள்ளை. ஆனால் முழங்கால் மூட்டுத் தேய்மானக்காரர்களிடம் ஒரு ஃபா மருந்து நொதியை நன்றாகவே அடைத்தது. வலி மட்டும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இருந்த அளவுக்கே இருந்தது. 2016-ல் பிரான்சின் ரென் நகரில் வேறொரு ஃபா மருந்துச் சோதனையில் ஒருவர் இறந்தார். அந்த மூலக்கூறு ஃபாவோடு நிற்காமல் வேறு கொழுப்பு நொதிகளையும் முடக்கியது பின்னர் தெரிந்தது. மடையை அடைக்கப் போய் பக்கத்து வரப்பையும் வெட்டிய கதை.

மேகலை அடைத்தால் வேகம் அதிகம். 2-ஏஜி குபுகுபுவென ஏறும். கூடவே மூளையில் அழற்சியைக் கிளப்பும் புராஸ்டாகிளாண்டினுக்கான மூலப்பொருளும் குறையும். ஆனால் நாள்கணக்கில் முழுசாக அடைத்தால் சிபி1 மரத்துப்போய், வலி தணியும் பலனும் போய்விடுகிறது. தண்ணீர் கட்டி நின்று வேர் அழுகுகிற மாதிரிதான்.

என் ஓட்டு, அரைகுறையாக அடைத்த மேகலுக்கு. எலிகளில் குறைந்த அளவில் தொடர்ந்து கொடுத்தபோது வலி தணிந்தது, சிபி1 மரத்துப்போகவில்லை. மாமாவின் ஒரு பிடிச் சேறு அளவு.