யுகேஜி பிள்ளைக்கு வாக்கியம் புரிய: பட அட்டையா, கேள்வியா, செய்து காட்டும் சீட்டா?

'கொக்கு வயலில் நிற்கிறது' என்று யுகேஜி பிள்ளை தடங்கலில்லாமல் படித்துவிடும். கொக்கு எங்கே நிற்கிறது என்று கேட்டால் மட்டும் நம் முகத்தைப் பார்க்கும். காவிரி டெல்டாவில் பிறந்த பிள்ளைக்குக் கொக்கும் தெரியும், வயலும் தெரியும். அப்புறம் எங்கே சிக்கல்?

படித்துப் புரிந்துகொள்வதை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள், 1986-ல். எழுத்தை வாசிக்கும் திறன் ஒரு பக்கம், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் மறுபக்கம். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். தமிழில் இதற்கு மேல் ஒரு முடிச்சு உண்டு. 'நாய் பூனையைத் துரத்தியது', 'பூனையை நாய் துரத்தியது' இரண்டும் ஒன்றே. 'நாயைப் பூனை துரத்தியது' என்றால் கதையே தலைகீழ். யார் துரத்தினார் என்பது சொல்லின் வாலில், அந்த 'ஐ' ஒலியில், இருக்கிறது. எழுத்துக்கூட்டிக் களைத்த பிள்ளை வாலை விழுங்கிவிட்டு, முதலில் வந்ததுதான் துரத்தியது என்று முடிவு கட்டிவிடும். ஆகவே நான் எந்த முறையையும் பார்ப்பது இந்த ஒரு கண்ணால்தான்: அது பிள்ளையைச் சொல்லின் கடைசி எழுத்துவரை பார்க்க வைக்கிறதா?

பட அட்டை எல்லோருக்கும் பிடிக்கும், கடையிலும் கிடைக்கும். ஆனால் ஒரு வாக்கியத்துக்கு ஒரு படம் என்றால் பிள்ளை படத்தைத்தான் படிக்கும். வாக்கியம் சும்மா கிடக்கும். அதையே கொஞ்சம் மாற்றலாம். 'கொக்கு மாட்டின் மேல் நிற்கிறது' என்று எழுதி, கீழே மூன்று படம்: மாட்டின் மேல் கொக்கு, மாட்டின் பக்கத்தில் கொக்கு, வரப்பில் தனியாகக் கொக்கு. இப்போது 'மேல்' என்பதைப் படிக்காமல் தப்ப முடியாது. படம் அழகாக இருக்க வேண்டியதில்லை, கோட்டுப்படம் போதும்.

கேள்வி கேட்பது மிஸ்களுக்குச் சுலபம். 'யார்? எங்கே? என்ன செய்தது?' என்று கேட்டால் வகுப்பே கோரஸாகப் பதில் சொல்லும். ஆனால் அந்தப் பதிலை நம்பாதீர்கள். 'லொப்பு கிண்டத்தில் நின்றது' என்று எழுதி, எது நின்றது என்று கேளுங்கள். லொப்பு! எங்கே? கிண்டத்தில்! அர்த்தமே இல்லாத வாக்கியத்துக்கும் முழு மார்க். வாக்கியத்தில் இல்லாததைக் கேட்டால்தான் உண்மை தெரியும். 'பாப்பா குடையை விரித்தாள்' என்று படித்தபின், ஏன் விரித்தாள் என்று கேட்டுப் பாருங்கள். மழை என்றாலும் சரி, வெயில் என்றாலும் சரி, புரிந்துவிட்டது.

என் ஓட்டு செய்து காட்டும் சீட்டுக்கு. பழைய நோட்டுத்தாளைக் கிழித்து, ஒரு சீட்டில் 'பந்தைக் கவினுக்குக் கொடு', இன்னொன்றில் 'பந்தைக் கவினிடம் வாங்கு' என்று எழுதுங்கள். பிள்ளை வாய்க்குள் படித்துவிட்டு எழுந்து போய்ச் செய்ய வேண்டும். அடுத்து 'டம்ளரைக் கிண்ணத்துக்குள் வை', 'கிண்ணத்தை டம்ளர் மேல் வை'. தவறாகச் செய்தால் திட்ட வேண்டாம், 'சீட்டை இன்னொரு தடவை பாரு' என்றால் போதும், தானே திருத்திக்கொள்ளும். இதற்கும் குறை உண்டு. 'பாட்டி நேற்று கவலைப்பட்டார்' என்பதை எப்படிச் செய்து காட்டுவது? வகுப்பில் முதல் பிள்ளை செய்வதைப் பார்த்து மற்றவை காப்பியடிக்கும் என்பதால் ஆளுக்கு ஒரு சீட்டு வேண்டும்.

இந்த மூன்றுக்கும் முன்னால் வர வேண்டிய ஒன்று இருக்கிறது: பிள்ளை சொன்னதையே எழுதிக் கொடுத்துப் படிக்க வைப்பது. பள்ளி திறப்பதும் ஜூன், மேட்டூர் அணை வழக்கமாகத் திறப்பதும் ஜூன் 12. அந்த நாட்களில் திருவையாற்றுப் பிள்ளை 'ஆத்துல தண்ணி வந்துருச்சு' என்று ஓடிவரும். அதை அப்படியே கரும்பலகையில் எழுதுங்கள். அர்த்தம் ஏற்கெனவே அதன் தலைக்குள் இருப்பதால் எழுத்தோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும். பேச்சுத்தமிழை எழுதிப் போடுவதா என்று சில பெற்றோர் முகம் சுளிப்பார்கள். மறுநாள் அதன் கீழேயே 'ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது' என்று எழுதிவிட்டால் சண்டை தீர்ந்தது. வீட்டில் பேசுவதும் புத்தகம் பேசுவதும் ஒன்றுதான் என்று பிள்ளைக்கும் பிடிபடும்.

வீட்டில் செய்பவர்கள் இந்த வரிசையில் போகலாம்: முதலில் பிள்ளையின் சொந்த வாக்கியம், கொஞ்சம் வாசிப்பு வந்ததும் சீட்டு, சீட்டில் செய்ய முடியாத வாக்கியத்துக்கு மூன்று படம். 'ஏன்' கேள்வியைக் கதை சொல்லும்போதே கேட்டுவிடலாம், அதற்குப் பிள்ளைக்குப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. சீட்டானாலும் படமானாலும், பிள்ளைக்குத் தெரியாத எழுத்து வாக்கியத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். 247 எழுத்தும் முடியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.