‘ஜானி பி. கூட்’: எந்தப் பதிவை வாங்கலாம்?

அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகரும் கிதார் கலைஞருமான சக் பெர்ரியின் இந்தப் பாட்டை வாங்குமுன் உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். செஸ் இசைத்தட்டு நிறுவனம் 1958-இல் வெளியிட்டதுதான் மூலம். 1967-இல் மெர்க்குரி நிறுவனத்துக்காக அவரே மறுபடி பாடிய ‘கோல்டன் ஹிட்ஸ்’ வேறு. பாடகர் அவர்தான், பாட்டும் அதேதான், ஆனால் சப்பென்று இருக்கும். 1982-இல் வந்த ‘தி கிரேட் ட்வென்டி எய்ட்’ தொகுப்பில் இருப்பது மூலப் பதிவு. அதை நம்பி வாங்கலாம்.

மூலம் மூன்று நிமிடம்கூட ஓடாது. ஆனால் அதற்குள் நடக்கும் தாளச் சண்டையைக் கவனியுங்கள். டிரம்ஸில் ஃபிரெட் பிலோ ஜாஸ் வழியில் நெடிலும் குறிலுமாக ஆட்டி அடிக்கிறார். பெர்ரியின் கிதாரோ எட்டு அடிகளையும் ஒரே அளவாக வெட்டுகிறது. இந்த உரசலில்தான் பாட்டு துள்ளுகிறது. லஃபாயெட் லீக்கின் பியானோ மேல் ஸ்தாயியில் ஓயாமல் உருண்டுகொண்டே இருக்கும். ஹெட்போனில் கேட்டால்தான் அது எவ்வளவு வாசித்திருக்கிறது என்று தெரியும். (புகழ்பெற்ற அந்தக் கிதார் தொடக்கம் பெர்ரியின் சொந்தச் சரக்கு அல்ல. லூயிஸ் ஜோர்டனின் 1946 பாட்டு ஒன்றில் கார்ல் ஹோகன் வாசித்தது, ஏறக்குறைய அப்படியே.)

மேடைக்கு வந்ததும் அந்த உரசல்தான் முதலில் போகிறது. பெர்ரி பெரும்பாலும் கிதாரோடு தனியாகப் போய், உள்ளூர்க் குழுவை ஒத்திகையில்லாமல் சேர்த்துக்கொண்டார். அந்தக் குழுக்களின் ராக் டிரம்மர்கள் கிதாரைப் போலவே சமமாக அடிப்பார்கள். வேகம் ஏறும், ஆட்டம் குறையும். 1972-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் பதிவான மேடை வடிவம் (‘லண்டன் சக் பெர்ரி செஷன்ஸ்’) இதற்குச் சரியான சாட்சி. வாசிப்பு முரடு. ஆனாலும் கடைசியில் அமைப்பாளர்கள் கூட்டத்தை வெளியேறச் சொல்லிக் கெஞ்சுவதும், கூட்டம் நகராமல் கத்துவதும் இசைத்தட்டிலேயே இருக்கிறது. அதற்காகவே ஒருமுறை கேட்கலாம். பெர்ரி 1967-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் அரங்கில் பதிவுசெய்த தட்டு பெரிதும் ப்ளூஸ் (ராக் இசைக்கு மூலமான கறுப்பின மக்களின் இசை). இந்தப் பாட்டுக்காக மட்டும் அதை வாங்க வேண்டாம்.

மேடை வடிவம் ஒன்றே ஒன்று போதும் என்றால் கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1970 மே 30 அன்று கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் வாசித்ததை எடுங்கள். ‘ஹென்ட்ரிக்ஸ் இன் த வெஸ்ட்’ தட்டில் இருக்கிறது. பியானோவே கிடையாது, மூன்றே பேர். மூலத்தின் துள்ளலைத் தேடாமல், அசுர வேகத்தில் வேறொரு பாட்டாகவே ஆக்கிவிடுகிறார்.

கிதாரில் வாசித்துப் பார்ப்பவர்களுக்கு: மூலம் பி ஃபிளாட் சுருதியில், ஆறாவது ஃபிரெட்டில் (கிதார் கழுத்தின் உலோகக் கட்டு) தொடங்குகிறது. ஆள்காட்டி விரலை மிக மெல்லிய இரண்டு தந்திகளிலும் படுக்கவைத்து இரண்டையும் சேர்த்தே அடிக்க வேண்டும். பன்னிரண்டு பார் (தாள அளவு) கொண்ட சுற்றில் ஒன்பது, பத்து இரண்டிலும் எஃப் கார்டுதான். பத்தாவதில் பழக்க தோஷத்தில் ஈ ஃபிளாட்டுக்கு இறங்கினால், அது எல்லாக் குழுக்களும் வாசிக்கும் பொது ப்ளூஸாகிவிடும்.