டார்ட் ஆற்றில் கயாக் பயணத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்

இங்கிலாந்தின் டெவன் பகுதியில், டார்ட் ஆற்றிலும் அதன் கழிமுகத்திலும் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகு ஓட்டச் செல்ல எண்ணியிருப்பவர்கள், சென்ற ஆண்டு ஜூன் மாதம் எங்களுக்கு நேர்ந்ததை ஒருமுறை படித்துவிட்டுப் பணம் கட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நானும் என் கணவரும் இதற்குப் புதியவர்கள் அல்லர். ஏழு ஆண்டுகளாகக் கோடை வந்தால் கார்ன்வால் கடற்கரைக்கோ வேல்ஸ் எல்லையிலுள்ள வை ஆற்றுக்கோ கிளம்பிவிடுவோம். அவர் தென்காசிக்காரர். குற்றாலத்துச் சீசன் தண்ணீரில் நின்று வளர்ந்த உடம்பு என்ற பெருமை அவருக்கு உண்டு. இருந்தாலும் இந்த நாட்டுத் தண்ணீரில் வாடகைப் படகோடு இறங்கும்போது நல்ல வழிகாட்டியும் நல்ல உடுப்பும் வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. அதற்காகத்தான் அந்தச் சிறு நிறுவனத்துக்கு 140 பவுண்டு தர ஒப்புக்கொண்டோம். டாட்னஸ் ஊரிலிருந்து ஓதம் (கடல்நீர் ஏறி இறங்குவது) வற்றும் நேரத்தில் ஆற்றோடு இறங்கி டார்ட்மத் வரை செல்வது, அனுபவமுள்ள வழிகாட்டி ஒருவர் எங்கள் இருவருக்கு மட்டும் உடன்வருவது, 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் (குளிர்நீரில் அணியும் இறுக்கமான உடுப்பு), மிதவை அங்கி, திரும்பி வர வேன் ஆகிய எல்லாமே அந்தக் கட்டணத்தில் அடங்கும் என்று எழுத்திலேயே உறுதி தந்திருந்தார்கள். அரசு உரிமம் பெற்றவர்கள் என்றும் விளம்பரத்தில் இருந்தது. அதன் கீழிருந்த பாராட்டுகளில் பாதி ஒரே வாரத்தில் எழுதப்பட்டவை என்பதை நான் பிறகுதான் கவனித்தேன்.

முன்பதிவு செய்த மறுநாள், கடனட்டைக்குப் பதிலாக நேரடியாக வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பினால் 10 விழுக்காடு தள்ளுபடி என்று செய்தி வந்தது. மிச்சமாகும் 14 பவுண்டில் மதியச் சாப்பாடு முடிந்துவிடும் என்று என் கணவர் சொன்னார், நானும் தலையாட்டினேன். 126 பவுண்டு போய்ச் சேர்ந்தது.

பயணத்தன்று காலை பத்து மணிக்கு ஓதம் உச்சத்தில் இருந்தது. நாங்கள் ஒன்பதே முக்காலுக்கே துறையில் நின்றோம். வேன் வந்தபோது மணி பன்னிரண்டைத் தொட்டிருந்தது. அதிலிருந்து இறங்கியவர் இருபது வயதைத் தாண்டாத ஓர் இளைஞர். வழிகாட்டி வேறொரு குழுவுடன் போயிருப்பதாகவும் தாமே உடன்வருவதாகவும் சொன்னார். வெட்சூட்டை விரித்துப் பார்த்தால் முழங்காலில் ஒரு சாண் நீளக் கிழிசல் இருந்தது. அதை ஏதோ பசை வைத்து ஒட்டி, அந்தப் பசையும் காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. அளவும் என் கணவருக்கு ஒரு சுற்றுப் பெரிது. மிதவை அங்கியின் ஒரு கொக்கி உடைந்து, அந்த இடத்தில் நைலான் கயிறு முடிச்சுப் போடப்பட்டிருந்தது. உள்ளிருக்கும் நுரையை விரலால் அழுத்தினேன். விழுந்த குழி மேலெழும்பவே இல்லை. இதைக் காட்டிக் கேட்டதற்கு, எல்லோரும் இதைத்தான் போட்டுக்கொள்கிறார்கள் என்று பதில் வந்தது. அந்த இடத்திலேயே திரும்பியிருக்க வேண்டும். மூன்று மணி நேரம் காரோட்டி வந்த அலுப்பும், கொடுத்த பணமும் எங்களைத் தண்ணீரில் இறக்கிவிட்டன.

டார்ட்டின் கீழ்ப்பகுதியில் ஓதத்தின் போக்குக்கு எதிராகப் போராடுவது வீண். இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியதால் வற்றும் நீரின் துணையில் பெரும்பகுதி எங்களுக்குக் கிடைக்கவில்லை. டிட்டிஷம் அருகே ஆறு ஏரியைப் போல விரியும் இடத்தை அடைந்தபோது நீரோட்டம் ஏற்கெனவே திரும்பியிருந்தது; பக்கவாட்டிலிருந்து காற்றும் பிடித்துக்கொண்டது. என் கணவரின் கயாக் கவிழ்ந்தது. எங்கள் சிறு வெப்பமானி அன்று நீரில் காட்டியது 14 பாகை செல்சியஸ். 15 பாகைக்கும் குறைவான நீரில் திடீரென விழுந்தவருக்கு முதல் ஒன்றிரண்டு நிமிடங்கள் மூச்சு அவர் வசத்தில் இருக்காது என்பதைப் படித்திருக்கிறேன்; கண்ணால் பார்த்தது அன்றுதான். அவர் வாய் திறந்திருந்தது, என் பெயர் வரவில்லை. அங்கி மேலேறிக் காதை மூடியது. வெட்சூட் உடம்போடு ஒட்டியிருந்தால்தான் உள்ளே புகுந்த கொஞ்ச நீர் உடற்சூட்டில் வெதுவெதுப்பாகி அங்கேயே நிற்கும். இவர் போட்டிருந்ததிலோ ஒவ்வோர் அசைவுக்கும் புதுக் குளிர்நீர் புகுந்து வெளியேறியது. உயிர்காப்புப் படகு நிறுவனமான ஆர்என்எல்ஐயின் சுவரொட்டிகளில் இருப்பதுபோல் நீந்த முயலாமல், தலையைப் பின்னால் சாய்த்து, காது நனைய மல்லாந்து மிதந்தார். உடன்வந்த இளைஞர் வெகுதூரம் முன்னால் போய்விட்டிருந்தார். இழுவைக் கயிறோ வானொலிக் கருவியோ அவரிடம் இல்லை. அவ்வழியே வந்த ஒரு மோட்டார் படகுக்காரர்தான் என் கணவரைத் தூக்கி ஏற்றி, தம் கம்பளிச் சட்டையைக் கழற்றிப் போர்த்தினார்.

நிறுவனத்துக்கு எழுதினோம். வானிலைக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்றும், ஆபத்தை ஏற்பதாகக் காலையில் நாங்கள் கைப்பேசியில் ஒப்பமிட்டிருக்கிறோம் என்றும் பதில் வந்தது; அடுத்த பருவத்தில் பயன்படுத்த ஒரு சலுகைச் சீட்டும் இணைத்திருந்தார்கள். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, அலட்சியத்தால் நேரும் மரணத்துக்கும் காயத்துக்குமான பொறுப்பை இத்தகைய ஒப்பத்தைக் காட்டி எந்த வணிகரும் கழித்துவிட முடியாது. சேவையைப் பற்றி அவர்கள் சொல்லி, நாம் அதை நம்பி முடிவெடுத்திருந்தால், அந்தச் சொல் ஒப்பந்தத்தின் பகுதியாகவே கருதப்படும். உரிமத்தைப் பற்றித் தேடியபோதுதான் பெரிய வியப்பு. 1993இல் லைம் விரிகுடாவில் கயாக் சென்ற 4 மாணவர்கள் இறந்த பிறகு, 1995இல் இயற்றப்பட்ட சட்டத்தால் வந்த உரிமமுறை 18 வயதுக்குட்பட்டோரை அழைத்துச் செல்பவர்களுக்கே உரியது. பெரியவர்களை மட்டும் அழைத்துச் செல்ல அந்த உரிமம் தேவையே இல்லை. இவர்களிடம் அதுவும் கிடையாது.

பணத்தை மீட்பதில் நாங்கள் செய்த பிழை அந்த 14 பவுண்டு. கடனட்டையில் கட்டியிருந்தால், 100 பவுண்டுக்கு மேற்பட்ட சேவை என்பதால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி அட்டை நிறுவனமும் சேர்ந்து பொறுப்பேற்றிருக்க வேண்டும். நேரடியாக அனுப்பிய பணத்தைப் பற்றி வங்கியில் கேட்டபோது, இது மோசடி அன்று, வணிகருக்கும் உங்களுக்கும் இடையிலான வழக்கு என்று கைவிரித்துவிட்டார்கள். பிறகு, 14 நாள் கெடு வைத்து, சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்குப் போவோம் என்று முறைப்படி கடிதம் அனுப்பினோம். கிழிந்த முழங்காலையும் கயிற்று முடிச்சையும் துறையிலேயே நான் படமெடுத்து வைத்திருந்தது அப்போது உதவியது. பதின்மூன்றாம் நாள் 63 பவுண்டு, ஒரு வரிகூட எழுதாமல், கணக்கில் வந்து விழுந்தது.

மீதிப் பாதிக்கு வழக்குப் போடலாம் என்கிறார் அவர். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. அந்த விளம்பரம் அதே படங்களோடு இந்தக் கோடைக்கும் வந்திருக்கிறது. கட்டணம் மட்டும் 155 பவுண்டு ஆகியிருக்கிறது.