சித்திரை விளையாட்டுக்கு எது: மோட்டார் சைக்கிளோட்டமா, சைக்கிளோட்டமா?

சித்திரை நெருங்கினால் மட்டக்களப்பில் கல்லடி, களுவாஞ்சிகுடிப் பக்கக் கழகப் பெடியளுக்குள் இந்த இழுபறி வரும்.

புகை: ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ காபனீரொட்சைட்டு. சைக்கிளில் அது இல்லை. ஆனால் போர்முலா 1 என்ற உலகக் கார்ப் பந்தயம் வெளியிட்ட 2019 காபனீரொட்சைட்டுக் கணக்கைப் பாருங்கள்: மொத்தம் 256,551 தொன்; அதில் கார்கள் ஓடி எரித்தது 0.7 சதவீதம்தான். பெரும்பங்கு சரக்கும் ஆட்களும் நாடு நாடாகப் போனதால் வந்தது. நம்மூரிலும் பார்க்க வருகிற ஓட்டோக்கள் இரண்டு ஓட்டத்துக்கும் வரும்தானே.

தரை: எனக்குப் பெரிய கவலை இதுதான். மோட்டார் சைக்கிளைக் கடற்கரையில் விட்டால், மணலைப் பிடித்து வைத்திருக்கும் அடம்பன் கொடியை டயர் கிழித்துவிடும். கொடி போனால் காற்று மணலை அள்ளும். சைக்கிளோட்டம் தார் வீதியில் முடிந்துவிடும்.

செலவு: சைக்கிள் மலிவு. 2022 பெற்றோல் வரிசையை மறந்தவர் யார்?

நியாயம்: ‘பந்தயத்தில் கண்டுபிடித்தது நம் வண்டிக்கும் வரும்’ என்பார்கள். 2014 முதல் ஹைபிரிட் (எரிபொருளும் மின்சாரமும் சேர்ந்த) எஞ்சின் ஓட்டும் போர்முலா 1 அதைச் சொல்லலாம். சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓடுபவர் என்ன கண்டுபிடிக்கிறார்?

சரி, கூட்டமும் அனுசரணையும்தான் வேண்டுமென்றால் மோட்டார் சைக்கிள். அதுவும் கடற்கரையை விட்டு, அனுமதி பெற்ற மைதானத்தில், அம்புலன்ஸ் நிற்க. ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் ஓட வேண்டுமென்றால் சைக்கிள்.